'மற்றும் பலர்': இயக்கங்களின் இணையதளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

வணக்கம். ஏரி, ஆறு, கல்குவாரி, டாஸ்மாக், தகவலுரிமை, பெண்கள் பாதுகாப்பு, தொழிற்சங்கம் என ஏதோ ஒன்றுக்காக இணையதளம் வைத்திருக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நம்மை நம்பி வருகிறவர்களின் பெயரையும் நம்பரையும் நம் தளங்கள் வாங்கி வைத்திருக்கும் விதத்தைப் பற்றிய மடல் இது. உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். திருச்சியில் ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன். இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் தளங்களையும் செய்து தந்திருக்கிறேன், பெரும்பாலும் காசு வாங்காமல். அதனால் இந்த மடலில் குற்றம் என்று வருவதில் பாதி என் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியது.

ஒரு மத்தியானம் ஒரு பெண் போன் செய்தார். சத்துணவு அமைப்பாளர். அவர் ஊருக்குப் பக்கத்தில் வரவிருந்த கல்குவாரிக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். "அண்ணே, நான் கையெழுத்துப் போட்டது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார். மனு இன்னும் கலெக்டர் அலுவலகத்துக்கே போகவில்லை. அதற்குள் குவாரிக்காரரின் ஆள் ஒருவர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, கையிலிருந்த போனைப் பார்த்து அவருடைய பெயர், போன் நம்பர், தெரு, வேலை எல்லாவற்றையும் வரிசையாக வாசித்திருக்கிறார். கடைசியில், "பேர் வெளியே வரக்கூடாதுன்னு சொன்னீங்களாமே?" என்று சிரித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது கையெழுத்துப் போட்டவர்களின் விவரத்தைச் சேர்த்து வைத்திருந்த எங்கள் கூகுள் ஷீட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் இருந்த வரி.

அந்த ஷீட்டைத் திறந்து பார்த்தேன். செய்தவன் நான்தான். பெயர், அலைபேசி, வயது, ஊர், தெரு, தொழில், குறிப்பு என்று ஏழு கட்டம். வீடு வீடாகப் போன பிள்ளைகள் தங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். "வீட்டுக்காரர் குவாரி லாரி ஓட்டுகிறார், வெளியே சொல்ல வேண்டாம்." "கூட்டத்துக்கு வருவார், போட்டோ வேண்டாம்." "மாமியாருக்குத் தெரியாது." அறுநூற்றுச் சொச்சம் வரி. எட்டுப் பேர் தங்கள் போனிலிருந்தே நிரப்ப வேண்டும், ஜிமெயில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஆளுக்கொரு தொல்லை வேண்டாம் என்பதற்காக, 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று நான் வைத்திருந்தேன். அந்த லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். குழுவில் 140 பேர். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

தொழில் என்று ஏன் ஒரு கட்டம் வைத்தாய் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. ஜவுளிக்கடைக்குச் செய்த பழைய படிவத்தைத்தான் எடுத்துத் தலைப்பை மாற்றியிருந்தேன். கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் வயதும் வேலையும் வேண்டும், ஆடித் தள்ளுபடிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பார்க்க. இணையத்தில் கிடைக்கும் படிவம், கணக்கெடுப்புக் கருவி, மின்னஞ்சல் சேவை எதை எடுத்தாலும் யாரோ ஒரு வியாபாரி கேட்டதற்காகச் செய்யப்பட்டதுதான். வந்தவரை விடாமல் பிடிப்பது, முடிந்த மட்டும் விசாரித்து வைப்பது, திரும்பத் திரும்பக் கூப்பிடுவது என்பது அதன் சுபாவம். அதை அப்படியே கொண்டுவந்து போராட்டத்துக்கு மாட்டிவிடுகிறோம்.

அந்த ஆள் அவரை ஒன்றும் செய்யவில்லை. வாசித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அது போதுமானதாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தபோது, பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண் கேட்டார்: "பேரு எழுதாம கைநாட்டு மட்டும் வச்சா ஆகாதா?"

நம் ஊரில் போராட்ட வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைப் படித்தவர்களுக்கு ஒரு சொற்றொடர் மனப்பாடமாகியிருக்கும். நாலைந்து பெயர், அதற்குப் பிறகு 'மற்றும் பலர்'. கூடங்குளம் அணுஉலைப் போராட்டத்தின்போது இடிந்தகரை வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவிலேயே வழக்குப் போட்டார்கள் அல்லவா, அதில் பெயர் குறிப்பிடப்பட்டவர்கள் கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் 'மற்றும் பலர்'. பாஸ்போர்ட் கேட்டுப் போகிற மீனவர் வீட்டுப் பையன் அந்தப் பலரில் ஒருவனா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது, அவனும் சொல்ல முடியாது. அது ஒரு காலியிடம். பிற்பாடு எப்போது வேண்டுமானாலும் ஒரு பெயரை எழுதிக்கொள்ளலாம். நாம் கூகுள் ஷீட்டில் அழகாக அகரவரிசைப்படுத்தி வைத்திருப்பது அந்தக் காலியிடத்தை நிரப்பத் தோதான பட்டியல் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

உறுப்பினர் பட்டியலுக்காக ஒரு இயக்கம் உச்ச நீதிமன்றம் வரை போன கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக இயங்கிய என்ஏஏசிபி அமைப்பிடம், 1956-ல் அலபாமா மாநில அரசு கேட்ட கேள்வி: உங்கள் உறுப்பினர்களின் பெயரும் முகவரியும் எங்கே? மற்ற ஆவணங்களில் பெரும்பாலானவற்றைக் கொடுத்தார்கள். பட்டியலை மட்டும் தரமாட்டோம் என்றார்கள். நீதிமன்ற அவமதிப்பு என்று 10,000 டாலர் அபராதம், பிறகு அதுவே ஒரு லட்சம் டாலர். அன்றைய ஒரு லட்சம் டாலர் என்பது சாதாரணமில்லை. அப்போதும் கொடுக்கவில்லை. 1958 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த அமைப்பின் பக்கம் நின்றது. பெயர் வெளியே போனபோதெல்லாம் உறுப்பினர்களுக்கு வேலை போயிருக்கிறது, அடி உதை மிரட்டல் வந்திருக்கிறது என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். அபராதத்தை வாங்கிக்கொண்டு பட்டியலைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். நானோ லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டவன்.

இதுவரை சொன்னது கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றி. தளத்துக்குச் சும்மா வந்து படித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. பெயர் கொடுக்கவில்லை, நம்பர் கொடுக்கவில்லை, அவர்களுக்கு என்ன ஆபத்து என்று நினைக்கிறோம். உங்கள் தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியின் கணக்கில் நுழைந்து 'ரா ஆக்சஸ்' என்று இருப்பதை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் வந்தவரின் ஐபி முகவரி (அவருடைய இணைய இணைப்பின் எண்), நாள், நொடி சுத்தமாக நேரம், எந்தப் பக்கம், எங்கிருந்து வந்தார், என்ன போன் என்பது இருக்கும். இரவு 1.40-க்கு 'கணவர் அடித்தால் என்ன செய்யலாம்' என்ற பக்கத்தைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டுப் போன ஒருவரின் தடம் அங்கே இருக்கும். அந்த ஐபி யாருடையது என்பது இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குத் தெரியும். கேட்க அதிகாரம் உள்ளவர்கள் கேட்டால் சொல்லுவார்கள்.

இது கற்பனைப் பயம் என்பவர்களுக்கு: 2017 ஜனவரி 20 அன்று டொனால்டு டிரம்ப் பதவியேற்றபோது அதை எதிர்த்து வாஷிங்டனில் நடந்த போராட்டத்தை ஒருங்கிணைக்க ஒரு இணையதளம் இருந்தது. அதை வைத்திருந்த ட்ரீம்ஹோஸ்ட் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் அந்த ஆண்டு ஜூலையில் ஒரு வாரண்டை நீட்டியது. தளம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கொடு என்பது அதன் சாரம். அப்படிக் கொடுப்பதென்றால் பார்வையாளர்களின் 13 லட்சம் ஐபி பதிவுகளும் சேர்ந்து போகும் என்று நிறுவனம் மறுத்து, விஷயத்தைப் பொதுவெளியில் போட்டு உடைத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, பார்வையாளர் பதிவுகள் எங்களுக்கு வேண்டாம் என்று அமைச்சகம் பின்வாங்கியது. அங்கே நிறுவனம் எதிர்த்து நின்றது, அதனால் தப்பியது. ஆண்டுக்கு 1,999 ரூபாய்க்கு நாம் வாங்கும் ஹோஸ்டிங் கம்பெனி நமக்காக வழக்காடும் என்று யாராவது நம்பினால் அவர்களுக்கு என் வாழ்த்து.

நம் நாட்டு உதாரணம் உங்களுக்கு நினைவிருக்கும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, 2020, அதாவது திட்டங்களுக்குச் சூழல் அனுமதி தருவதற்கான விதிகளின் புது வரைவு. இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டார்கள். 22 மொழிகளிலும் வெளியிடு என்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30 அன்று சொன்னது. தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் அதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கடிதம் போய்ச் சேரும்படி தளங்கள் செய்து வைத்திருந்தன. அதே சமயத்தில் அப்படிப்பட்ட மூன்று சூழலியல் தளங்கள் முடக்கப்பட்டன. ஒரு தளத்தை முடக்கச் சொல்லி தில்லி காவல்துறை அனுப்பிய நோட்டீஸில், பயங்கரவாத வழக்குகளுக்குப் போடும் உபா சட்டப் பிரிவே இருந்தது. பிறகு, தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டோம் என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தையொட்டி பெங்களூரு செயற்பாட்டாளர் திஷா ரவியைக் கைது செய்தபோது வழக்கின் மையமே ஒரு கூகுள் ஆவணம்தான். அதில் கை வைத்தவர்கள் யார் என்று கூகுளிடம் கேட்டார்கள், எந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்று ஜூமிடம் கேட்டார்கள். பத்து நாளில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் ஒரு ஆவணத்தின் திருத்த வரலாறு எதற்கெல்லாம் பயன்படும் என்பதை நாடே பார்த்தது.

திருத்த வரலாறு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி அவருடைய வரியை ஷீட்டிலிருந்து அழித்தேன். அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் 'பதிப்பு வரலாறு' என்ற ஒன்று இருப்பது உறைத்தது. திருத்த அனுமதி உள்ளவர் எவரும் போன வாரத்து ஷீட்டை அப்படியே திறந்து பார்க்கலாம். மறுபடி போன் செய்து, அன்றைக்குச் சொன்னது முழு உண்மையில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. என் தொழில் வாழ்க்கையில் இதைவிடக் கூசிய போன் இல்லை.

அரசாங்கமே இதைவிடப் பெரிதாகச் சொதப்பியிருக்கிறது என்று நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். 2015-ல் இணையச் சமநிலை குறித்து, அதாவது எல்லாத் தளங்களையும் இணைய நிறுவனங்கள் சமமாக நடத்துவது குறித்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டது. தன்னார்வலர்கள் நடத்திய தளத்தின் வழியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. இந்தியாவில் இணையவழிப் பிரசாரம் ஒன்று அந்த அளவுக்கு வென்றது அதற்கு முன் இல்லை. ஏப்ரல் 27 அன்று டிராய் என்ன செய்தது? வந்த கருத்துகள் அனைத்தையும் அனுப்பியவரின் பெயர், மின்னஞ்சல் முகவரியோடு தன் தளத்தில் ஏற்றிவிட்டது. விளம்பரக் கம்பெனிக்காரனும் மோசடிக்காரனும் தேடி அலைய வேண்டிய பட்டியலை அரசு அமைப்பே இலவசமாக வைத்தது. இதில் இயக்கங்களுக்கும் ஒரு பாடம் இருந்தது. நீங்கள் அனுப்பும் கடிதம் உங்கள் பெயரோடு பொதுவில் வெளியாகலாம் என்பதை, பொத்தானை அழுத்தும் இடத்தில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் எத்தனை மனுப் பக்கங்களில் அந்த வரி இருக்கிறது?

இனி கொஞ்சம் தளத்துக்குள்ளே போவோம். சென்ற மாதம் உட்கார்ந்து, நான் செய்து கொடுத்த இயக்கத் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். யார் தளம் என்று சொல்லப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

ஒரு தளத்தில் நிர்வாகி அதிகாரத்தோடு ஐந்து கணக்குகள். இரண்டு பேர் இயக்கத்தை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. அதில் ஒருவர் இப்போது ஒரு கட்சியின் ஐடி பிரிவில் இருக்கிறார். இன்று இரவு அவர் உள்ளே நுழைந்து படிவத்தில் வந்த பெயர்களை எல்லாம் இறக்கிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. படிவத்தில் வருவது மின்னஞ்சலுக்கு மட்டும்தான் வருகிறது என்று ஒருங்கிணைப்பாளர் நினைத்துக்கொண்டிருந்தார். படிவத்துக்காகப் போட்ட பிளகின் என்ற துணை நிரல் எல்லாவற்றையும் டேட்டாபேஸிலும் சேர்த்து வைத்திருந்தது, முதல் நாளிலிருந்து.

இன்னொன்றில் ஃபேஸ்புக் பிக்சல். நான்தான் போட்டேன். ஒரு தேர்தல் சமயத்தில் வீடியோவுக்கு விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். அந்தச் சிறு நிரலின் வேலை, யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பதை அந்த நிறுவனத்துக்குச் சொல்வது. சாதி மறுப்புத் திருமணத்துக்குச் சட்ட உதவி தரும் தளத்தில் அது வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. யோசித்துப் பாருங்கள், யார் யாரெல்லாம் அந்தப் பக்கத்தைப் பயந்து பயந்து திறந்திருப்பார்கள்.

எழுத்துரு விஷயம் இதைவிடச் சின்னதாகத் தெரியும். தமிழ் எழுத்து அழகாக வரட்டும் என்று கூகுள் சர்வரிலிருந்து நேராக எழுத்துருவை இழுக்கிறோம். அப்படி இழுக்கும்போது பார்ப்பவரின் ஐபி கூகுளுக்குப் போகிறது. இதற்காகவே 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளக்காரரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் இலவசம்தான், இறக்கி நம் சர்வரிலேயே வைத்துக்கொண்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை. யூடியூப் வீடியோவைப் பக்கத்துக்குள் பதிக்காமல் ஒரு படத்தை வைத்து லிங்க் கொடுத்தால் அதுவும் தீர்ந்தது.

தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் எல்லாத் தளத்திலும் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, எழுதியவர்கள் உட்பட. ஒரு தளத்தில் வேர்ட்பிரஸ் தரும் மாதிரி வாசகம், 'சஜஸ்டட் டெக்ஸ்ட்' என்ற சொற்கள் கூட எடுக்கப்படாமல் அப்படியே கிடந்தது. ஒரு ஏரிப் பாதுகாப்புக் குழுவின் தளத்தில் கலிஃபோர்னியாவாசிகளின் உரிமைகள் பற்றி நாலு பத்தி. அந்த ஏரியைக் கலிஃபோர்னியாக்காரர் எவரும் பார்த்திருக்க மாட்டார். அதைவிட வேடிக்கை, ஆதாரை எதிர்த்து நடந்த ஒரு கருத்தரங்குக்கான பதிவுப் படிவம். பிறந்த தேதி, முழு முகவரி, போன், மின்னஞ்சல், பணியிடம் எல்லாம் கேட்டிருந்தார்கள். ஆதார் எண் கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்றது. அந்தத் தீர்ப்பை நம் மேடைகளில் எத்தனையோ முறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தனிநபர் தகவலையும் பொதுநலனுக்காகக் கேட்டு வாங்க வழிவைத்த, தகவலுரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை இது வெட்டிவிட்டது என்பதால் நாம் இதை எதிர்க்கிறோம். எதிர்ப்பது சரிதான். ஆனால் எதிர்க்கிற வேகத்தில் மிச்சத்தைப் படிக்காமல் விட்டுவிட்டோம். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு கம்பெனிகளையும் வணிகம், தொழில் நடத்தும் அமைப்புகளையும் பற்றியது. புதுச் சட்டம் அப்படியல்ல. சொந்த வீட்டுக் காரியத்துக்குத் தகவல் வைத்திருக்கும் தனிநபருக்கு விலக்கு உண்டு, பதிவு செய்யாத ஊர்க் குழுவுக்குக் கூட அந்த விலக்கு பொருந்தாது. கையெழுத்து நோட்டு நோட்டாகவே இருக்கும்வரை சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அதைப் பார்த்து ஷீட்டில் தட்டச்சு செய்த நிமிடம் உள்ளே வந்துவிடுகிறது. என்ன எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்ற அறிவிப்பை இங்கிலீஷிலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் (கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்குகிறவர்கள் கவனிக்க). தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், இந்தச் சட்டப்படியான தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். நம்மிடம் ஒலிபெருக்கி வாடகைக்கே காசில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சட்டத்தில் இல்லாததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஐரோப்பிய விதியில் ஒருவரின் அரசியல் கருத்து, தொழிற்சங்க உறுப்பினர் என்ற தகவல் ஆகியவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. நம்முடைய 2011 விதிகளில் கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவ விவரம் போன்றவை நுண்ணியவை, அதாவது கூடுதல் பாதுகாப்பு வேண்டியவை, என்று இருந்தன. அரசியல் கருத்து அந்தப் பட்டியலில் இல்லை, சாதியும் இல்லை. 2023 சட்டத்தில் நுண்ணியது என்ற வகையே இல்லை. போதாக்குறைக்கு, மத்திய அரசு கேட்டால் தகவலைத் தர வேண்டும் என்று 36-ஆவது பிரிவு. கையாண்ட தகவலையும் அதன் லாக்குகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திரு என்று விதி. வேலை முடிந்தவுடன் அழித்துவிடுகிறோம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த வழியும் இதனால் குறுகிவிடுகிறது. மிச்சமிருப்பது ஒரே வழி. வாங்காமலே இருப்பது. வாங்காததை யாரும் கேட்க முடியாது, அபராதம் போட முடியாது, வாசலில் வந்து வாசித்துக் காட்ட முடியாது.

எல்லாவற்றையும் அப்படி விட முடியாது என்பது எனக்குத் தெரியும். மொட்டைக் கடுதாசியை எந்த அலுவலகமும் மதிக்காது. மனுவுக்குப் பெயரும் ஊரும் வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசினால் பேச்சு பதிவாகும், அறிக்கையில் பெயர் வரும். அந்த வெளிச்சத்துக்குத் துணிந்து வருகிறவர்கள் வரட்டும். அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பேனாவை நீட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். மதுரைக்காரத் தோழர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "நம்பர் வாங்காம அடுத்த போராட்டத்துக்கு எப்படிப்பா கூப்பிடுறது?" என்றார். நியாயமான கேள்வி. நம்பர் வாங்குங்கள், அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மனுவில் கையெழுத்துப் போட்டார் என்பதற்காக ஆயுசுக்கும் எல்லாப் போராட்டத்துக்கும் அழைக்கச் சம்மதித்தார் என்று ஆகாது. குவாரிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவரை டாஸ்மாக் குழுவிலும் நதிநீர்க் குழுவிலும் சேர்த்துவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்த மறுநொடி அவருடைய நம்பர் உள்ளே இருக்கும் எல்லாருக்கும் போய்விடுகிறது. கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழு என்றால் அட்மின்களைத் தவிர மற்றவர்களுக்கு நம்பர் தெரியாது, அதற்கு மாறலாம். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும்போது முகவரிகளை, பெறுகிறவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்க முடியாத பிசிசி கட்டத்தில் போடுங்கள். இது இன்னமும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது சங்கடம்தான்.

குறிப்பு என்ற கட்டத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நினைவில் வைக்க வேண்டியதைத் தன்னார்வலர் மனதில் வைத்திருக்கட்டும். நம் அம்மாக்கள் ஊர்க்கதை முழுவதையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

தனியுரிமைக் கொள்கைக்கு வக்கீல் வேண்டியதில்லை. உண்மையைத் தமிழில் எழுதினால் போதும். ஒரு குழுவுக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"இந்தப் பக்கத்தைப் படிக்க நீங்கள் யார் என்று சொல்ல வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணுகிறோம். வருகிறவர்களைப் பற்றி ஃபேஸ்புக், கூகுள் நிறுவனங்களுக்குச் சொல்லும் நிரல் எதுவும் இங்கே இல்லை. மனுவில் கையெழுத்திட்டால் உங்கள் பெயரும் ஊரும் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். அங்கிருந்து எதிர்த்தரப்பின் கைக்கும் போகக்கூடும். அது சரிவராது என்றால் கையெழுத்திட வேண்டாம், கூட்டத்துக்கு வாருங்கள். போன் நம்பர் கொடுப்பது உங்கள் விருப்பம். இந்த மனு சம்பந்தமாக மட்டும் கூப்பிடுவோம். இந்தப் பட்டியலை இருவர் மட்டும் பார்க்க முடியும், அவர்கள் பெயர் கீழே இருக்கிறது. எங்கள் தளம் இருக்கும் சர்வர் வருகைப் பதிவுகளை வைத்திருக்கிறது, அதை முழுதாக நிறுத்த எங்களால் முடியவில்லை."

கடைசி வரி வேண்டாமே, ஆள் பயந்துவிடுவார்கள் என்று அந்தக் குழுவில் ஒருவர் சொன்னார். அரை மணி நேரம் வாக்குவாதம். வரி நின்றது.

என் பங்குக்கு, நான் செய்து கொடுத்த தளங்களில் பிக்சலை எடுத்துவிட்டேன். எழுத்துருவை உள்ளூரில் வைத்தாகிவிட்டது. போனவர்களின் நிர்வாகிக் கணக்குகளை மூட உங்கள் அனுமதி வேண்டும். பாதிப் பேர் இன்னும் பதில் போடவில்லை. தயவுசெய்து போடுங்கள். வேறு யாரோ செய்த தளம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். லேப்டாப்போடு வாருங்கள், டீ உங்கள் செலவு.

தோழமையுடன்,
உங்கள் வெப்சைட்காரன்
திருச்சி

பி.கு: வெளியிடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். குறிப்புக் கட்டத்திலிருந்து நான் எடுத்துப் போட்டிருந்த ஒரு வரியை நீக்கச் சொன்னார், அந்த வீட்டை ஊரில் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. நீக்கிவிட்டேன். அவர் சத்துணவு அமைப்பாளரும் இல்லை. என்ன வேலை என்று போடட்டும் என்று கேட்டபோது அவரே சொன்னது அது.